கணிப்பொறிக்குள் ஒரு கணிப்பொறி

பத்தாம் வகுப்பு மாணவி, காரங்காடு

காகிதத்தில் எழுதியதைப் படிப்பதற்குக் கண் இருந்தால் போதும். பனையோலையில் எழுதியதைப் படிப்பதற்குக் கண்ணோடு சிறிது பயிற்சியும் வேண்டும். ஆனால் கணிப்பொறியில் எழுதி வைத்ததைப் படிப்பதற்கோ, எழுதிய நாளில் இருந்த கணிப்பொறியே மீண்டும் வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதியது கூட இன்று ஊமையாகி விடுகிறது. இது எதனால், இதற்கு என்ன வழி, அந்த வழியில் என்னென்ன தடைகள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் வீடுகளில் பழைய ஒலிநாடாக்கள் கிடக்கின்றன. தாத்தாவின் குரல் அதில் இருக்கிறது என்று அம்மா சொல்வார்கள். கேட்பதற்கு டேப் ரெக்கார்டர் இல்லை. கணிப்பொறிக் கோப்பின் நிலை இதைவிடச் சற்று மோசம். ஒரு கோப்பு தன்னை எழுதிய மென்பொருளை நம்பியிருக்கிறது. அந்த மென்பொருள் விண்டோஸ் போன்ற ஓர் இயக்க அமைப்பை நம்பியிருக்கிறது. இயக்க அமைப்போ தான் பிறந்த காலத்துப் பொறியை நம்பியிருக்கிறது. நான்கு பேர் கைகோத்து நிற்பது போலத்தான். நடுவில் ஒருவர் கையை விட்டால் கடைசியில் நிற்பவர் நமக்கு எட்டமாட்டார்.

தமிழுக்கு இதில் தனியாக ஒரு துன்பமும் உண்டு. இன்று நம் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் தமிழ் எழுத்துகள் யூனிகோடு என்னும் உலகப் பொது முறையில் பதிவாகின்றன. 1991-ஆம் ஆண்டிலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணிப்பொறியில் அது எழுதத்தக்கதாக ஆயிற்று. அதுவரையில் ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்துக்கொண்டது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்துவிடுவதே அந்த முறை. எடுத்துக்காட்டாக, இலங்கையிலும் இங்கும் மிகுதியாகப் பயன்பட்ட பாமினி எழுத்துருவில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தின் இடத்தில் ‘அ’ இருக்கும். ‘கே’ இடத்தில் ‘ம’ இருக்கும். அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்துப் புள்ளி இருக்கும். ‘எச்’ இடத்தில் கால் இருக்கும். ஆகவே ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால் கணிப்பொறியின் நினைவில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பதுதான். எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் அம்மா மறைந்துவிடுவார்; பொருளற்ற ஐந்து குறிகளே மிஞ்சும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தாம், தாப் என்ற இரு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் அறிவித்தது. பின்னர் 2010 ஜூன் மாதத்தில் யூனிகோடும் டேஸ் 16 என்ற முறையுமே இனி அரசின் தரம் என்று ஆணையிட்டது. அதற்குள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பழைய முறைகளில் எழுதப்பட்டவை மலைபோல் குவிந்துவிட்டன.

வெறும் எழுத்தாக இருந்தால் பழைய முறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித்தர மாற்றிகள் உள்ளன. அச்சுக்காகப் பக்கம் அமைத்த கோப்பானால் அவ்வளவு எளிதன்று. 1990-களில் தமிழ்நாட்டு டி.டி.பி. சென்டர்களில் பேஜ்மேக்கர் என்ற மென்பொருள் இல்லாத இடம் அரிது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஆண்டு மலர் எல்லாம் அதில்தான். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். 2004-க்குப் பிறகு அதை வளர்ப்பதையே அடோபி நிறுவனம் நிறுத்திவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தோடு அதன் ஆயுள் முடிந்தது என்று சொல்லலாம். அதற்கும் முந்திய, விண்டோஸ் 3.1 காலத்துத் தமிழ் மென்பொருள்கள் 16 பிட் வகையைச் சேர்ந்தவை. 64 பிட் விண்டோஸில் 16 பிட் மென்பொருள் ஓடவே ஓடாது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-இலோ 64 பிட் தவிர வேறு வகையே கிடையாது.

அப்படியானால் பழைய கணிப்பொறிகளைத் தேடிப்பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நம் ஊர்க் காற்றில் இரும்புக் கதவே சில ஆண்டுகளில் உப்பேறி உதிர்ந்து போகிறது. கணிப்பொறியின் பலகையும் மின்தேக்கியும் எத்தனை நாள் தாங்கும்? ஆகவேதான் மெய்நிகர் கணிப்பொறி என்ற உபாயத்தை நாடுகிறார்கள்.

மெய்நிகர் கணிப்பொறி இரும்பாலும் சிலிக்கனாலும் ஆனதன்று, மென்பொருளால் ஆனது. புதிய கணிப்பொறியின் நினைவகத்தில் ஒரு பகுதியையும் வட்டில் ஒரு பகுதியையும் ஒதுக்கி, “இதோ உனக்கு ஒரு திரை, இதோ ஒரு விசைப்பலகை, இதோ ஒரு வட்டு” என்று பழைய இயக்க அமைப்புக்குக் காட்டும் ஏற்பாடு அது. உள்ளே குடியேறிய பழைய விண்டோஸ், தான் உண்மையான பொறியில் ஓடுவதாகவே எண்ணிக்கொள்ளும். காலிச் சங்குக்குள் புகுந்து வாழும் நண்டை நம் கரையில் யார்தான் பார்த்ததில்லை? சங்கு அதனுடையது அன்று. ஆனாலும் நண்டு தன் ஓட்டுக்குள் இருப்பது போலவே நடமாடுகிறது.

இது நேற்று வந்த எண்ணமும் அன்று. 1960-களிலேயே அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தார் ஒரே பெரிய கணிப்பொறியைப் பலர் தனித்தனிப் பொறிபோல் பயன்படுத்தும்படி செய்தனர். 1972-இல் அதையே வி.எம். 370 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நம் மேசைக் கணிப்பொறிகளில் இது சாத்தியமானது 1999-இல், வி.எம்.வேர் என்ற நிறுவனத்தின் மென்பொருளால். 2005-இல் இன்டெல்லும் 2006-இல் ஏ.எம்.டி.யும் தங்கள் சில்லுகளிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. பள்ளிகளுக்கு ஏற்றவை விர்ச்சுவல் பாக்ஸ், கியூ.இ.எம்.யு. போன்ற விலையில்லா மென்பொருள்கள். வி.எம்.வேரின் மேசைப் பதிப்பும் 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாயிற்று. ஆகவே சங்கு எளிதில் கிடைக்கிறது. நண்டைக் கொண்டுவந்து குடியேற்றுவதில்தான் சிக்கல்கள்.

முதலில் பொறியைச் சார்ந்த சிக்கல்களைப் பார்ப்போம். இவற்றுள் சில வேடிக்கையானவை. விண்டோஸ் 95, புறப்படும்போது பொறியின் வேகத்தை அளப்பதற்காக ஒரு சிறு கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து, எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும். பொறி வேகமாக இருந்தால், அளக்க முடியாதபடி அந்தக் கணக்கு நொடியில் முடிந்துவிடும். நேரம் பூச்சியம் ஆகும். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று நமக்குக் கணக்கு ஆசிரியை சொல்லித் தந்திருக்கிறார்களே, அதே காரணத்தால் விண்டோஸ் 95 நின்றுவிடும்! 350 மெகாஹெர்ட்ஸ் ஏ.எம்.டி. பொறியிலேயே இந்தக் கோளாறு தலைகாட்டியது. இன்றைய பொறிகளின் வேகம் அதைப்போல் எத்தனையோ மடங்கு. விண்டோஸ் 98-க்கோ நினைவகம் 512 மெகாபைட்டுக்கு மேல் போனால் தடுமாற்றம். வறுமையில் வளர்ந்தவருக்கு விருந்து ஒத்துக்கொள்ளாதது போல, பழைய இயக்க அமைப்புக்குப் புதிய வசதிகள் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே மெய்நிகர் கணிப்பொறியை அமைக்கும்போது வேண்டுமென்றே சிறிதாக அமைக்க வேண்டும்.

அடுத்தது துணை மென்பொருள். உள்ளே இருக்கும் விண்டோஸும் வெளியே இருக்கும் கணிப்பொறியும் திரையையும் சுட்டியையும் கோப்புகளையும் பகிர்ந்துகொள்ள இடையில் ஒரு துணை மென்பொருள் வேண்டும். விர்ச்சுவல் பாக்ஸில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது உண்டு. விண்டோஸ் 95, 98-க்கு இல்லை. அதனால் விண்டோஸ் 98-ஐ அப்படியே ஏற்றினால் சின்னஞ்சிறு திரையில் பதினாறு வண்ணங்களோடு விழிக்கும். டாஸும் விண்டோஸ் 95-ம் வேலை இல்லாதபோதும் சில்லை ஓய்வெடுக்க விடா. மடிக்கணினியின் விசிறி ஓயாமல் இரையும்.

இவற்றுக்காவது சுற்றுவழி உண்டு. சுற்றுவழியே இல்லாதது ஒன்று உண்டு. அதை நம் நாட்டு எடுத்துக்காட்டிலேயே சொல்லலாம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கி, பின்னர் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் வளர்த்த ஜிஸ்ட் என்ற தொழில்நுட்பம் 1980-களில் இந்திய மொழிகளைக் கணிப்பொறித் திரைக்குக் கொண்டுவந்தது. அது வெறும் மென்பொருள் அன்று. கணிப்பொறியைத் திறந்து உள்ளே செருக வேண்டிய ஓர் அட்டை. எழுத்தை உருவாக்கும் வேலையை அந்த அட்டைதான் செய்தது. மெய்நிகர் கணிப்பொறி திரையைப்போல் நடிக்கும், வட்டைப்போல் நடிக்கும். ஆனால் ஜிஸ்ட் அட்டையைப்போல் நடிக்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. அச்சுக்கோப்பு மென்பொருள்கள் சிலவற்றோடு பிரிண்டர் செருகும் துளையில் மாட்டும் ஒரு பூட்டும் வரும். அந்தப் பூட்டு மாட்டியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். இன்றைய மடிக்கணினியில் அந்தத் துளையே இல்லை.

சில்லு வேறானாலும் தொல்லைதான். 2020 முதல் ஆப்பிள் கணிப்பொறிகள் இன்டெல் சில்லை விட்டு வேறு சில்லுக்கு மாறின. அவற்றில் பழைய விண்டோஸை ஓட்ட வேண்டுமானால் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்துக்கொண்டே போக வேண்டும். மேடையில் வெளிநாட்டு விருந்தினர் பேச, பக்கத்தில் ஒருவர் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னால் ஒரு மணி நேரப் பேச்சு இரண்டு மணி நேரமாவதைப் பார்த்திருக்கிறோம். அதைப் போன்றதே இதுவும்.

இனி உரிமத்தைச் சார்ந்த சிக்கல்கள். பெரியவர்கள் பலரும் இதை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. “பழைய விண்டோஸ்தானே, அதை யார் கேட்கப் போகிறார்கள்?” என்கிறார்கள். கேட்க ஆளில்லை என்பதும் உரிமை உண்டு என்பதும் ஒன்றல்லவே.

இராமேசுவரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகும்முன் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்குவது நம் எல்லோருக்கும் தெரியும். இந்தப் படகுக்கு வாங்கிய டோக்கனைக் காட்டி அந்தப் படகு போக முடியாது. படகு உடைந்தால் அதன் டோக்கனும் பயனற்றதே. கணிப்பொறி வாங்கும்போதே அதனுள் வைத்து விற்கப்படும் விண்டோஸின் உரிமமும் அத்தகையது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அந்தப் பெட்டிக்கு மட்டுமே அது செல்லும். பெட்டி பழுதாகி எடைக்குப் போனால் உரிமமும் அதோடு போயிற்று. அந்தச் சீட்டிலுள்ள எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு மெய்நிகர் கணிப்பொறியில் இடுவது, உடைந்த படகின் டோக்கனோடு வேறு படகில் போவதற்குச் சமம். கடையில் தனியாகப் பெட்டியில் வாங்கிய விண்டோஸின் உரிமம் வேறு வகை. பழைய பொறியிலிருந்து நீக்கிவிட்டு வேறொரு பொறியில் இடலாம். எக்ஸ்பியானால், முதலில் வாங்கியவர் தகடு, சான்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒரு முறை இன்னொருவருக்குக் கொடுத்துவிடவும் அதில் இடமுண்டு.

விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தபோது இந்த விதியைக் காக்கப் பொறிக்குள்ளேயே ஒரு காவலையும் வைத்தார்கள். பொறியின் உறுப்புகளைப் பார்த்து ஓர் எண்ணை உண்டாக்கி, நிறுவனத்திடம் பதிந்து ஒப்புதல் பெற வேண்டும். முப்பது நாளுக்குள் பெறாவிட்டால் உள்ளே விடாது. மெய்நிகர் கணிப்பொறியின் உறுப்புகள் முற்றிலும் வேறாகையால் பழைய ஒப்புதல் அங்கே செல்லாது. பெரிய நிறுவனங்களின் கணிப்பொறியோடு வந்த தகடுகளோ, பொறியில் அந்த நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கிறதா என்றே தேடும்.

மெய்நிகர் கணிப்பொறியையே பெயர் சொல்லித் தடுத்த காலமும் ஒன்று உண்டு. 2007-இல் விண்டோஸ் விஸ்டா வெளிவந்தபோது அதன் வீட்டுப் பதிப்புகளை மெய்நிகர் கணிப்பொறியில் இடக்கூடாது என்று உரிமத்திலேயே எழுதினார்கள். விலை கூடிய பதிப்பு வாங்கியவருக்கு மட்டும் அந்த உரிமை. எதிர்ப்பு எழுந்தபின் 2008 ஜனவரியில் அந்தத் தடையை நீக்கினார்கள். 2009-இல் விண்டோஸ் 7-இன் உயர்ந்த பதிப்புகளை வாங்கியவர்களுக்கு, உரிமத்தோடு கூடிய ஒரு மெய்நிகர் எக்ஸ்பியைத் தாமே கொடுத்தார்கள். இரண்டே ஆண்டில் தடையிலிருந்து தானத்துக்கு வந்துவிட்டது! ஆப்பிள் நிறுவனமோ தன் இயக்க அமைப்பைத் தன் கணிப்பொறிக்குள் மட்டுமே மெய்நிகராக ஓட்டலாம் என்கிறது.

விண்டோஸ் 98-க்கான பராமரிப்பு 2006 ஜூலையிலும் எக்ஸ்பிக்கானது 2014 ஏப்ரலிலும் நின்றுவிட்டன. பராமரிப்பு நின்றது என்றால் உரிமை நின்றது என்று பொருளன்று. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பட்டபோது கணிப்பொறி நிரலும் இலக்கியப் படைப்பின் கணக்கில் சேர்ந்தது. 1998-இல் வந்த நிரலின் பதிப்புரிமை 2058 வரையாவது தொடரும். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு நமக்குச் சில சலுகைகளும் தருகிறது. முறைப்படி வாங்கி வைத்திருப்பவர், எதற்காக வாங்கினாரோ அதற்காகவும், இழப்புக்கும் சேதத்துக்கும் காப்பாகவும் நகல் எடுத்துக்கொள்ளலாம். சலுகை முறைப்படி பெற்றவருக்குத்தான். கைவிட்ட மென்பொருள் என்று சொல்லி யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

உரிமையாளரே திறந்துவிட்டவையும் சில உண்டு. மைக்ரோசாப்ட் தன் எம்.எஸ்.-டாஸின் முதற்பதிப்புகளின் மூலநிரலை 2018-இலும், நான்காம் பதிப்பினுடையதை 2024-இலும் எவரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. 1994-இல் ஜிம் ஹால் என்ற மாணவர் தொடங்கிய பிரீடாஸ், டாஸ் மென்பொருள்களை ஓட்டப் போதுமானது. விண்டோஸே இல்லாமல் லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்ட ஒயின் என்பது 1993 முதல் வளர்ந்து வருகிறது. (பெயரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம்!)

இவ்வளவையும் நாங்கள் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு குறுந்தகடு. நம் பள்ளியின் ஆண்டு மலர்கள் அடுக்கியிருக்கும் அலமாரியில் 2001-ஆம் ஆண்டு மலர் இல்லை, கரையான் கொண்டுபோயிற்று. அதில் காரங்காட்டு அக்காமார் தங்கள் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிய பதினொரு பக்கங்கள் உண்டு என்று தாய்மார்கள் சொல்வார்கள். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் ஆகிய காற்றுகள் எந்த நாளில் எப்படி வரும், எந்தக் காற்றில் எந்த மீன் படும், அலையாத்திக் காட்டுக்குள் பாதை எப்படிப் பிரியும் என்பனவெல்லாம் அதில். எங்கள் தோழி ஒருத்தியின் பூட்டி பாடிய தாலாட்டும் அதில். அந்தப் பாட்டிமாரில் இன்று ஒருவரும் இல்லை. மலரை அச்சிட்ட அச்சகத்தார் கொடுத்த குறுந்தகடு மட்டும் இருந்தது. பேஜ்மேக்கர் கோப்புகளும் எழுத்துருவும் அதனுள் இருந்தன.

எங்கள் கணிப்பொறி அறையில் இருப்பது லினக்ஸ். லிப்ரே ஆபீஸ் என்ற விலையில்லா மென்பொருளுக்கு 2015 முதல் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கத் தெரியும். அதில் ஏழு பக்கங்கள் திறந்தன. பத்திகள் இடம் மாறிக் கிடந்தாலும் எழுத்துகள் முழுமையாகக் கிடைத்தன. மீதி நான்கு திறக்கவில்லை. அவற்றுள் ஒன்று தாலாட்டு.

அந்த நான்குக்காகத்தான் மெய்நிகர் கணிப்பொறி தேவையாயிற்று. இணையத்தில் எக்ஸ்பி எங்கும் கிடைக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். கேட்டு வாங்காததைப் பள்ளியில் ஏற்றக்கூடாது என்று சிஸ்டர் மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு அச்சகத்து ஐயாவையே தேடிப் போனோம். அவர் தொழிலை விட்டுப் பல ஆண்டாயிற்று. ஆனால் எக்ஸ்பிப் பெட்டியும் பேஜ்மேக்கர் பெட்டியும் தகடுகளோடும் சான்றுகளோடும் பரணில் இருந்தன. இரண்டையும் பள்ளிக்கே கொடுத்துவிட்டதாக ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். முப்பது நாள் கெடு தொடங்கும் என்பதால் அரையாண்டுத் தேர்வு முடியும்வரை காத்திருந்து, பிறகே ஏற்றினோம். பராமரிப்பு நின்ற இயக்க அமைப்பு ஆதலால் இணைய இணைப்பை முன்னதாகவே துண்டித்து வைத்தோம். ஏற்றிய நான்காம் நாள் பேஜ்மேக்கர் திறந்தது. நான்கு பக்கங்களும் திறந்தன.

யூனிகோடுக்கு மாற்றும் வேலைதான் நீண்டது. பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக் கொம்பு, க, கால் என்று மூன்றாக எழுதியிருப்பார்கள். யூனிகோடில் முதலில் க, அதன் பின்னரே ஒகரக் குறி. மாற்றி இதைப் பெரும்பாலும் சரியாகச் செய்தது. வரி ஓரத்தில் சொல் உடைந்த இடங்களில் கொம்பு பக்கத்து எழுத்துக்குத் தாவிவிட்டது. கொண்டல் என்ற காற்று இரண்டு இடங்களில் உருத்தெரியாமல் போயிருந்தது. பதினொரு பக்கங்களையும் தாய்மார்கள் முன்னால் உரக்கப் படித்துத் திருத்தினோம். அவை இம்மலரின் பிற்பகுதியில் அச்சாகியுள்ளன.

படங்கள் மட்டும் கிடைக்கவில்லை. பேஜ்மேக்கர் படத்தைத் தன்னுள் முழுமையாக வைத்துக்கொள்ளாமல், வேறொரு கோப்பைச் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளவும் செய்யும். அந்தக் கோப்புகள் தகட்டில் இல்லை. தாலாட்டுப் பாடிய பூட்டியின் படம் இருக்க வேண்டிய இடத்தில், கட்டம் கட்டமாக ஒரு மங்கிய நிழல் மட்டும் தெரிகிறது. சேலைத் தலைப்பு எது, முகம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. 2001-ஆம் ஆண்டு மலரின் பிரதி எந்த வீட்டிலாவது இருக்குமானால், ஒரு நாள் இரவல் தந்தால் போதும். படம் எடுத்துக்கொண்டு மறுநாளே திருப்பித் தருகிறோம். பள்ளி அலுவலகத்தில் எந்த வேலை நாளிலும் கொடுக்கலாம்.